முத்துலட்சுமி ரெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 அன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படம் எங்கும் வலம் வரும். கூடவே "முதல் பெண்" என்று தொடங்கும் ஒரு நீண்ட பட்டியலும் வரும். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு அவரைத் தெரிந்துகொண்டோம் என்று நகர்ந்துவிடுவது பெரிய நஷ்டம். அவர் சட்டமன்றத்தில் இருந்தது நாலு வருஷம்கூட முழுதாக இல்லை. அதற்குள் ஒரு பழைய வழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கை வைத்தார். நான் அவரைக் கொண்டாடுவது அதற்காகத்தான். அவரைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், யார் இவர்?

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். மருத்துவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர், அதன் துணைத்தலைவர். கோயில்களில் சிறுமிகளைத் தெய்வத்துக்கு மனைவியாக்கிப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டப் போராட்டம் நடத்தியவர். அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தோற்றுவித்தவர். 1956இல் பத்மபூஷண் பெற்றார். 1968 ஜூலை 22 அன்று, 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது காலமானார்.

இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் இவர்தானா?

இல்லை. ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி ஆகியோர் 1886லேயே மருத்துவர் ஆனவர்கள். முத்துலட்சுமி பிறந்த ஆண்டு அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் என்பதும் சரியல்ல. மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேயப் பெண் 1875இல் அங்கே சேர்ந்திருக்கிறார். "இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்" என்று எழுதும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1922லேயே சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். "பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்" என்று எழுதினால் முத்துலட்சுமிக்குப் பொருந்தும்.

இப்படித் திருத்துவதால் அவருடைய பெருமை குறைந்துவிடும் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர் செய்த வேலையைப் பார்த்தால் இந்த முதலிடங்கள் அவருக்குத் தேவையே இல்லை என்று புரியும்.

அவருடைய குடும்பப் பின்னணி என்ன?

தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள் பெரும்பாலும் அந்த மரபிலிருந்து வந்தவர்கள். சந்திரம்மாளை மணந்ததற்காக நாராயணசாமி ஐயரை அவருடைய உறவினர்கள் ஒதுக்கிவைத்தார்கள்.

இந்தப் பின்னணியைத் தவிர்த்துவிட்டுப் பின்னாளைய போராட்டத்தைப் பேச முடியாது. தேவதாசி முறையை அவர் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர் அல்ல. அந்தச் சமூகத்துப் பெண்கள் அவருக்குத் தாய்வழி உறவு. அவர்களுடைய வீடுகளில் என்ன நடக்கிறது, யார் அழுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஆண்கள் கல்லூரியில் அவருக்கு எப்படி இடம் கிடைத்தது?

பூப்பெய்தியதும் அந்தக் கால வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். அப்பாவும் ஆசிரியர்களும் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க, தனித்தேர்வராக மெட்ரிக்குலேஷன் எழுதித் தேறினார். மேலே படிக்க ஊரில் இருந்தது மகாராஜா கல்லூரி ஒன்றுதான். அங்கே படித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். ஒரு பெண், அதுவும் தாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த பெண், நம் பிள்ளைகளோடு உட்கார்வதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி கொடுத்தார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912இல் பல பதக்கங்களோடு பட்டம் பெற்றார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். சென்னையில் இருந்த காலத்தில்தான் சரோஜினி நாயுடு, அன்னிபெசன்ட் போன்றோரின் பழக்கம் கிடைத்தது.

திருமணத்துக்கு அவர் நிபந்தனை போட்டது உண்மையா?

உண்மை. 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே சம்மதித்தார். சாதிச் சடங்குகள் இல்லாமல் 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி நடந்த திருமணம் அது. சுந்தர ரெட்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதற்கு அடுத்த முப்பது ஆண்டுகளே சாட்சி.

நல்ல மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அரசியலுக்கு ஏன் வந்தார்? தேர்தலில் வென்றாரா?

தேர்தலில் நிற்கவில்லை, நியமன உறுப்பினர். சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. ஆனால் சொத்துத் தகுதி இருந்ததால் வாக்களிக்கக்கூடிய பெண்கள் மிகக் குறைவு. உறுப்பினராகும் உரிமை 1926இல்தான் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 1917இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம் ஒரு பெண்ணையாவது நியமிக்கும்படி அரசை வலியுறுத்தியது. முத்துலட்சுமியின் பெயரைக் கொடுத்தது அந்தச் சங்கம்தான்.

அப்போது அவர் இங்கிலாந்தில் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். முதலில் அவருக்கு இந்தப் பதவியில் ஆர்வம் இல்லை. ஆனால் மருத்துவமனையில் அவர் பார்த்த பல கஷ்டங்களுக்கு மருந்துச்சீட்டில் தீர்வு எழுத முடியாது. சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகிப் பிரசவத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்து என்ன ஆகப்போகிறது? 1926 இறுதியில் நியமனம் பெற்றார். 1927 ஜனவரியில் உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பொட்டுக்கட்டுதல் என்றால் சரியாக என்ன?

ஒரு சிறுமியைக் கோயிலில் தெய்வத்துக்கு மனைவியாக்கும் சடங்கு. சாமி சன்னிதியில் பொட்டு, அதாவது தாலி, கட்டுவார்கள். அதற்குப் பிறகு அவள் வேறு யாரையும் மணக்க முடியாது. ஆடுவது, பாடுவது, கும்பாரத்தி எடுப்பது போன்ற கோயில் ஊழியம் அவளுடையது. உள்ளூர்ச் செல்வந்தர் ஒருவரின் ஆதரவில் வாழ்வதும் அந்த ஏற்பாட்டோடு சேர்ந்தே வந்தது. இது எதற்கும் அந்தச் சிறுமியின் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது நிலம். ஊழியத்துக்கு ஈடாகக் கோயில் மானிய நிலமோ, நிலத்தின் வருவாயோ கொடுத்தது. ஊழியம் செய்ய ஆள் இருக்கும்வரைதான் அது குடும்பத்துக்குச் சொந்தம். ஒரு தலைமுறையில் பொட்டுக்கட்ட மகளோ வளர்ப்பு மகளோ இல்லையென்றால் நிலம் கைவிட்டுப் போய்விடும். ஆக, தன் மகளை இதிலிருந்து காப்பாற்ற நினைக்கும் தாய்க்கு அன்றைக்கே சாப்பாட்டுப் பிரச்சினை வரும். பக்தி, வழக்கம், சாஸ்திரம் என்று மேடையில் எவ்வளவு பேசினாலும், வீட்டுக்குள் அந்த முடிவை எடுக்க வைத்தது இந்த மானியம்தான்.

சட்டம் எந்த ஆண்டு வந்தது? சிலர் 1929 என்கிறார்கள், சிலர் 1947 என்கிறார்கள்.

இரண்டும் சரி, அவை வேறு வேறு சட்டங்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1927 நவம்பரில் அவர் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சிறுமிகளைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதைத் தடுக்கச் சட்டம் தேவை என்று அரசுக்குப் பரிந்துரைத்த தீர்மானம். அது நிறைவேறியது. ஆனால் தீர்மானத்தால் மட்டும் எந்த வீட்டிலும் எதுவும் மாறாது.

அடுத்த ஆண்டு அவர் நிலத்துக்குப் போனார். 1926ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். தேவதாசிப் பெண்களிடம் உள்ள மானிய நிலத்தை ஊழியத்திலிருந்து விடுவித்து, ஒரு தீர்வையை மட்டும் விதித்து, அவர்களுக்கே உரிமையாக்குவது அதன் சாரம். ஊழியம் செய்யவில்லை என்று கோயில் இனிமேல் நிலத்தைப் பிடுங்க முடியாது. நிலத்துக்காக மகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. 1929இல் இது நிறைவேறியது.

இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தடை, தண்டனை, சிறை என்று தொடங்கியிருந்தால் முதலில் அடிபடுவது அந்த ஏழைப் பெண்கள்தான். மைசூர் சமஸ்தானம் 1909லேயே அரசுக் கோயில்களில் இந்த ஊழியத்தை நிறுத்தியிருந்தது. அந்த முன்னுதாரணம் அவர் கையில் இருந்தது. ஆனாலும் அவர் முதலில் அவர்களுடைய சோற்றுக்கு வழி செய்தார், தடையை அப்புறம் கொண்டுவந்தார். சமூகச் சீர்திருத்தம் பேசுகிற எத்தனை பேர் இந்த வரிசையை யோசிக்கிறார்கள்?

1930 தொடக்கத்தில் பொட்டுக்கட்டுதலையே முழுமையாகத் தடைசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்ட நிலையில் அவர் பதவி விலகிவிட்டார், மசோதா கிடப்பில் போனது. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, சுதந்திரம் வந்த இரண்டே மாதத்தில், 1947 அக்டோபரில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. வெளியிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தவர்களில் முத்துலட்சுமி முன்வரிசையில் இருந்தார்.

யார் எதிர்த்தார்கள்?

சத்தியமூர்த்தி போன்ற பெரிய பேச்சாளர்கள் சட்டமன்றத்தில் எதிர்த்தார்கள். சமய வழக்கத்தில் அரசு தலையிடலாமா, கோயில் கலைகள் என்ன ஆகும் என்பது அவர்களின் வாதம். சத்தியமூர்த்தி தேச விடுதலைக்காகச் சிறை சென்றவர். ஒரே மனிதர் ஒரு விஷயத்தில் முன்னேயும் இன்னொன்றில் பின்னேயும் நிற்பது நம் அரசியல் வரலாற்றில் புதிதல்ல. காந்தியும், பெரியாரின் சுயமரியாதை இயக்கமும் முத்துலட்சுமியை ஆதரித்தார்கள்.

தேவதாசிப் பெண்களே எதிர்த்ததாகச் சொல்கிறார்களே?

ஆமாம், எதிர்த்தார்கள். அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நியாயமில்லை. தங்களுக்கென்று சங்கம் அமைத்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முக்கியமானவர். திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொந்தப் பணத்தில் சமாதிக் கோயில் எழுப்பியவர், சிறந்த பாடகி, பல மொழி படித்தவர்.

அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: எங்களையும் விபச்சாரத்தையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். நாங்கள் படித்தவர்கள், கலை தெரிந்தவர்கள், மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமையும் தத்தெடுக்கும் உரிமையும் எங்களுக்கு உண்டு. தவறு நடந்தால் அதைத் திருத்துங்கள், படிப்புக்கு வழி செய்யுங்கள், எங்கள் அடையாளத்தையே அழிக்காதீர்கள்.

இதில் உண்மை இருக்கிறது. அன்றைய சட்டமன்றப் பேச்சுகளிலும் பத்திரிகைகளிலும் அந்தப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி இழிவாகப் பேசப்பட்டார்கள். முத்துலட்சுமியின் சொற்களும் சில இடங்களில் கடுமையானவை. நாகரத்தினம்மாளைப் போல் உயர்ந்த நிலையில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் நான் முத்துலட்சுமியின் பக்கம்தான் நிற்பேன். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைக்கு மனு எழுதத் தெரியாது. அவளுடைய வாழ்க்கை முழுவதும் ஒரு நாளில் முடிவாகிவிடுகிறது. வளர்ந்த பெண்களின் உரிமையையும் இந்தச் சிறுமியின் உரிமையையும் எதிரெதிரே வைத்தால், சிறுமியின் பக்கம் பேச அந்த அவையில் ஒருவராவது இருந்தாரே என்று நிம்மதிதான் வருகிறது.

அவரால்தான் தேவதாசிகள் ஆடிய சதிர் ஆட்டம் அழிந்ததா?

இந்தக் குற்றச்சாட்டை முழுதாக ஒதுக்கவும் முடியாது, முழுதாக ஏற்கவும் முடியாது. 1932இல் சென்னைப் பத்திரிகைகளில் அவருக்கும் வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யருக்கும் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. சதிர்க் கச்சேரிகளுக்கு ஊக்கம் தரக் கூடாது என்றார் முத்துலட்சுமி. கலை வேறு, அந்த வாழ்க்கை முறை வேறு. கலையைக் காப்பாற்ற வேண்டும் என்றார் கிருஷ்ணய்யர். அந்தக் காலத்தில்தான் சதிர் என்ற பெயர் பின்னுக்குப் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1930களின் நடுவில் அந்த மரபில் பிறக்காத ருக்மிணி தேவி மேடையேறினார், 1936இல் அவருடைய நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா உருவானது.

கலை பிழைத்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களின் கையிலிருந்து அது பெரும்பாலும் நழுவிப்போனது. பாலசரஸ்வதி போன்ற மேதைகள் தனியாக நின்று அந்த மரபை உயர்த்திப் பிடித்தார்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டம் கோயிலுக்குள்ளும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் சேர்த்தே தடுத்தது. ஆட்டத்தையும் பொட்டுக்கட்டுதலையும் பிரித்துப் பார்த்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்குப் பிழைப்பும் மரியாதையும் மிஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம். இந்த இடத்தில் கிருஷ்ணய்யர் சொன்னதில் நியாயம் இருந்தது.

சட்டமன்றத்தில் வேறு என்ன செய்தார்?

நிறைய. மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழை மாணவிகளுக்குக் கட்டணச் சலுகை, முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி என்று வரிசையாகக் கேட்டார். பெண்களின் திருமண வயதை உயர்த்தப் பேசினார்; பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று நிர்ணயித்த சாரதா சட்டம் 1929இல் வந்தது. பெண்களை விலைக்கு வாங்கி விற்பதையும் விபச்சார விடுதிகளையும் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1930இல் வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

பதவியை ஏன் விட்டார்?

1930 மே மாதம், உப்புச் சத்தியாகிரகத்தின்போது காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து ராஜினாமா செய்தார். உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த மசோதா பாதியில் நிற்கிறது என்று தெரிந்தே செய்தார். இருந்து முடித்திருக்கலாமே என்று இன்றைக்கு நமக்குத் தோன்றலாம். தேசத்தையே சிறையில் அடைத்த அரசின் நியமன உறுப்பினராக உட்கார்ந்திருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை.

அவ்வை இல்லம் எப்படித் தொடங்கியது?

தாசி மரபிலிருந்து தப்பி வந்த சில சிறுமிகள் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்க்க விடுதிகளைத் தேடினால், அவை சாதிக்கு ஒன்றாக இருந்தன. இந்தப் பிள்ளைகளுக்கு எங்கேயும் இடம் இல்லை. சரி, நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். 1930இல் அப்படித்தான் அவ்வை இல்லம் பிறந்தது. சாதி, மதம் கேட்காமல் ஆதரவற்ற பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, படிப்பும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் அங்கிருந்து வெளியே வந்தார்கள். அடையாறு பெசன்ட் அவென்யூவில் இன்றும் இயங்குகிறது.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாருக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ஒரே போராட்டத்தின் இரண்டு முனைகள். முத்துலட்சுமி சட்டமன்றத்தில் பேசினார் என்றால், ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்த் தெருவில் பேசினார். அந்த வாழ்க்கைக்குள்ளேயே தள்ளப்பட்டு வெளியே வந்தவர் அவர். அம்மையாருடைய பேச்சு கிராமங்களில் கருத்தை மாற்றாமல் இருந்திருந்தால் 1947ஆம் ஆண்டுச் சட்டம் காகிதத்தோடு நின்றிருக்கும். இவர் பெயரைச் சொல்லும்போது அவர் பெயரையும் சொல்வதுதான் முறை.

புற்றுநோய் மருத்துவமனை எண்ணம் எப்படி வந்தது?

அவருடைய தங்கை சுந்தரம்மாள் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று தவறாகக் கணித்துவிட்டார்கள். தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா மருத்துவராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு 1925இல் லண்டன் போனபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்தார். அப்படி ஒன்று இங்கே வேண்டும் என்று 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் பேசினார். யாரும் அசையவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்பதுதான் அன்றைய மனநிலை.

இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியபோது அவருக்கு 68 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை வளர்த்தெடுத்தார். 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் காலமாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் தொடக்கத்திலிருந்து அதன் கொள்கை.

மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு ஏன் அவர் பெயர்?

ஏழைக் கர்ப்பிணிகளுக்கான தமிழக அரசின் உதவித்தொகைத் திட்டம் 1987இல் தொடங்கியது. படிப்படியாக உயர்ந்து 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் ஆனது. இதைவிடப் பொருத்தமான பெயரை வைத்திருக்க முடியாது. கர்ப்பிணியிடம் "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று அறிவுரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், சாப்பாட்டுக்கான காசை அவள் கையிலேயே கொடுக்கிறது இந்தத் திட்டம். 1929இல் தேவதாசிப் பெண்களின் நிலத்தை அவர்கள் பெயருக்கே மாற்றியவர் யோசித்த விதமும் இதுதான். உங்கள் பகுதியில் யாராவது கர்ப்பமாக இருந்து இன்னும் பதிவு செய்யாமல் இருந்தால், கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலேயே பதிவு செய்வது முக்கியம்.